அட்டைத் துண்டு புகட்டிய பாடம்

(பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி)

பெரிய பொருள்களைக் கண்டு நாம் அஞ்சுகிறோம். சிறிய பொருள்களை மதிப்பதில்லை. இடி இடித்தால் காதைப் பொத்திக்கொள்ளும் நாங்கள், எங்கள் வீட்டு நடையில் நாள்காட்டிக்குப் பக்கத்தில் இருந்த ஒரு சிறு பெட்டியை ஒரு நாளும் திரும்பிப் பார்த்ததில்லை. அந்தப் பெட்டிதான் சென்ற செப்டம்பர் மாதத்தில் ஓர் இரவு எங்கள் குடும்பத்தையே உலுக்கிவிட்டது. அன்று நாங்கள் கற்ற பாடத்தைத் தோழியரோடும், அருட்சகோதரிகளோடும், பெற்றோர்களோடும் பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரையை எழுத முன்வந்தோம். இதில் எங்கள் குற்றமும் உண்டு. அதை மறைக்காமல் எழுதவேண்டும் என்று அப்பாவே சொல்லி அனுமதி தந்தார்.

‘நாங்கள்’ என்றால் அக்காளும் தங்கையும். எங்களில் மூத்தவள் பத்தாம் வகுப்பு, இளையவள் எட்டாம் வகுப்பு. எழுதுவது மூத்தவளின் கைதான். ஆனால் செய்தது இருவரும் சேர்ந்து. ஆகையால் ‘நாங்கள்’ என்று எழுதுவதே நியாயம்.

மயிலாப்பூரில் கச்சேரி சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பு இருக்கிறது. மொத்தம் பன்னிரண்டு வீடுகள். கட்டி நாற்பது ஆண்டுகள் ஆகின்றன. மாலையில் மொட்டை மாடியில் நின்றால் சாந்தோம் கோயில் மணியோசையும் கேட்கும், கடற்காற்றும் வீசும். அந்தக் காற்று உடலுக்கு இதம்; இரும்புக்கும் பித்தளைக்கும் பகை. சன்னல் கம்பியில் வண்ணம் பூசிய மறு வருடமே துரு எட்டிப் பார்க்கும். சுவருக்குள்ளும் பெட்டிக்குள்ளும் இருக்கும் திருகாணிகளையும் அந்த உப்புக் காற்று விட்டுவைப்பதில்லை என்று அன்று எங்களுக்குத் தெரியாது.

எங்கள் பாட்டி மின்சாரத்தைக் ‘கரண்ட்’ என்றுதான் சொல்லுவார். சென்னையில் 1895-ஆம் ஆண்டிலேயே மின்சார டிராம் ஓடியது. 1953-இல் அது நின்றபோது பாட்டிக்கு நான்கு வயது. “தலைக்கு மேலே கம்பி, கம்பியில் நெருப்புப் பொறி, அதைப் பார்த்து நான் அழுவேனாம்” என்று சிரித்துக்கொண்டே சொல்லுவார். அவர் மணமாகி வந்த வீட்டில் மரப்பலகையில் வெள்ளைப் பீங்கான் ஃப்யூஸ் கட்டைகள் இருந்தனவாம். ‘பீஸ் போய்விட்டது’ என்றால் தாத்தா மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் மெல்லிய கம்பியைச் சுற்றிப் பொருத்துவாராம். இப்போது அந்தக் கட்டைகள் எங்கள் கீழ்த்தள மீட்டர் அறையில் மட்டும் இருக்கின்றன. வீட்டுக்குள் இருப்பது எம்.சி.பி. பெட்டி.

அந்தப் பெட்டியைத் திறந்தால் வரிசையாகச் சிறு விசைகள் இருக்கும். முதலில் இருப்பது மற்றவற்றைவிட அகலமானது. அதற்குப் பெயர் ஐசோலேட்டர். மீட்டரிலிருந்து மேலே வரும் மின்சாரம் முதலில் அதற்குள் நுழைந்து, பிறகுதான் மற்ற விசைகளுக்குப் பிரிந்து செல்கிறது. அதைக் கீழே தள்ளினால் பேஸ், நியூட்ரல் ஆகிய இரண்டு கம்பிகளும் ஒருசேரத் துண்டிக்கப்படும். வீட்டுக்குள் வேலை செய்பவர் அச்சமின்றிக் கை வைக்கலாம். அதன் கடமை அவ்வளவுதான். அளவுக்கு மீறிய மின்சாரம் பாய்ந்தால் எம்.சி.பி. தானாகவே விழுந்துவிடும். ஐசோலேட்டர் தானாக விழாது. யாராவது தள்ளினால்தான் நகரும்.

இதை எங்களுக்குச் சொன்னவர் மந்தைவெளியிலிருந்து வரும் வயர்மேன் தாத்தா. அறுபது வயதைத் தாண்டியவர். லைசென்ஸ் பெற்ற வயர்மேன். எங்கள் குடியிருப்பில் யார் வீட்டில் மின்விசிறி நின்றாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். “எம்.சி.பி.க்கு அறிவு உண்டு பாப்பா. ஐசோலேட்டருக்கு அறிவு கிடையாது. நம்ம அறிவுதான் அதுக்கு அறிவு” என்று ஒரு முறை சொன்னார். நாங்கள் சிரித்தோம். அந்த வாக்கியத்தின் பொருள் பிற்பாடுதான் விளங்கியது.

சென்ற மே மாதம் பாட்டி மூச்சுத் திணறலுக்காக மருத்துவமனையில் ஒரு வாரம் இருந்துவிட்டு வீடு திரும்பினார். கத்திரி வெயில் சுட்டெரித்த நேரம். அப்பா கடன் வாங்கிப் பாட்டியின் அறைக்கு ஒரு ஏ.சி. பொருத்தினார். எங்கள் வீட்டுக்கு அது இரண்டாவது ஏ.சி. அதற்கு ஒயர் இழுத்துக் கொடுத்தவர் வயர்மேன் தாத்தாதான். வேலை முடிந்ததும் பெட்டியை ஒரு முறை உற்றுப் பார்த்தார். நெம்புகோலை மேலும் கீழும் தள்ளினார். “சார், இந்த ஐசோலேட்டர் ரொம்பப் பழசு. பிடிப்பு விட்டுப் போச்சு. லோடு வேற ஏறியிருக்கு. மாத்திடுங்க. கூடவே ஒரு ஆர்.சி.சி.பி.யும் போட்டுடலாம். எல்லாம் சேர்த்து மூவாயிரம் ரூபாய்க்குள்ள முடிச்சுத் தர்றேன்” என்றார்.

அப்பா பெருமூச்சு விட்டார். மருத்துவமனைச் செலவு, ஏ.சி. கடன், எங்கள் பள்ளிக் கட்டணம் எல்லாம் ஒன்றாக வந்து நின்ற மாதம் அது. “ஓடுற வரைக்கும் ஓடட்டும் பெரியவரே. தீபாவளி முடியட்டும், பார்க்கலாம்” என்றார். தாத்தா மறுபேச்சுப் பேசவில்லை. காப்பி டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் புறப்பட்டார். நாங்கள் இருவரும் கூடத்தில் உட்கார்ந்து இந்த உரையாடலைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தோம்.

ஆகஸ்டு மாதத்தில் விளக்குகள் கண்சிமிட்டத் தொடங்கின. சில வினாடிகள் மங்கும், பிறகு தெளியும். எதிர் வீட்டில் விளக்கு சீராக எரியும். எங்கள் வீட்டில் மட்டும் சிமிட்டும். ‘மின்வாரியத்தார் ஏதோ வேலை செய்கிறார்கள்’ என்று நாங்களே சமாதானம் சொல்லிக்கொண்டோம். ஊர் முழுவதும் கரண்ட் போனால்தான் அது வெளியில் உள்ள கோளாறு. பக்கத்து வீட்டில் விளக்கு எரியும்போது நம் வீட்டில் மட்டும் மங்கினால், கோளாறு நம் இணைப்பில்தான் இருக்கும். இந்த எளிய கணக்கு எங்கள் ஐந்து பேர் மூளையிலும் உதிக்கவில்லை.

ஒரு நாள் மாலை அப்பாவும் அம்மாவும் இன்னும் அலுவலகத்திலிருந்து வரவில்லை. பாட்டி நெபுலைசர் குழாயை மூக்கில் வைத்து மருந்து இழுத்துக்கொண்டிருந்தார். திடீரென்று எல்லாம் நின்றது. பாட்டி கண்களை அகல விரித்து எங்களைப் பார்த்தார். நாங்கள் ஓடிச் சென்று பெட்டியைத் திறந்தோம். ஐசோலேட்டரின் நெம்புகோல் பாதியில் தொங்கிக்கொண்டிருந்தது. மேலே தள்ளினோம்; விளக்கு எரிந்தது. கையை எடுத்தோம், அணைந்தது. எங்களில் மூத்தவள் நெம்புகோலை மேல்நோக்கி அழுத்திப் பிடித்துக்கொண்டே நின்றாள். இளையவள் பூசை அலமாரிக்கு ஓடி ஒரு தீப்பெட்டியைக் கொண்டு வந்தாள். அதன் அட்டையைக் கிழித்து, நான்காக மடித்து, நெம்புகோலுக்கு அடியில் இருந்த இடைவெளியில் செருகினோம். அது அசையாமல் நின்றது. நெபுலைசர் மீண்டும் உறுமத் தொடங்கியது. பாட்டி எங்கள் தலையைத் தடவி, “என் தங்கங்கள்!” என்றார்.

ஆபத்துக்குப் பாவமில்லை என்பார்கள். அன்று மாலை செய்தது ஆபத்துக்குச் செய்தது. அப்பா வந்தவுடன் அதைச் சொல்லியிருந்தால் இக்கட்டுரையே தேவைப்பட்டிருக்காது. ஆனால் நாங்கள் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று பல நாள் யோசித்துப் பார்த்திருக்கிறோம். பெட்டியைத் தொட்டதற்கு ஏச்சு விழும் என்ற பயம் ஒன்று. அப்பாவுக்கு இன்னொரு செலவு வைக்கக் கூடாது என்ற எண்ணம் இன்னொன்று. மூன்றாவதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. பெரியவர்களுக்குத் தெரியாத ஒரு வித்தை எங்களுக்குத் தெரிந்துவிட்டது என்ற கர்வம். அந்த அட்டைத் துண்டு ஒரு மாதத்துக்கு மேல் அங்கேயே இருந்தது. விளக்குகள் கண்சிமிட்டுவது நின்றது. “பார்த்தாயா, தானாகவே சரியாகிவிட்டது” என்று அப்பா அம்மாவிடம் சொன்னார். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

செப்டம்பரில் வீட்டில் ஒரு நாற்றம் வரத் தொடங்கியது. கருவாடு சுடுவது போன்ற நாற்றம். எங்கள் வீட்டில் மீன் சமைப்பதில்லை. ஆகவே அம்மா கீழ் வீட்டுச் சமையலறை மீது பழியைப் போட்டார். “தினமும் இரவு எட்டு மணிக்குமேல் அப்படி என்னதான் வறுக்கிறார்களோ!” என்று சன்னலைச் சாத்தினார். கீழ் வீட்டு அம்மாள் ஊருக்குப் போய்ப் பத்து நாள் ஆகிறது என்று பாட்டி நினைவூட்டியபோதும், யாரும் அந்த நாற்றம் எங்கிருந்து வருகிறது என்று தேடவில்லை.

காலாண்டுத் தேர்வு வந்தது. மறுநாள் அறிவியல். இரவு ஒன்பது மணிக்கு நாங்கள் கூடத்தில் உட்கார்ந்து மின்னோட்டவியல் பாடத்தை உரக்கப் படித்துக்கொண்டிருந்தோம். இரண்டு ஏ.சி.யும் ஓடின. அம்மா சீருடைகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். பாட்டிக்கு வெந்நீருக்காகச் சமையலறையில் மின் கெட்டில் கொதித்தது. மூத்தவள் ஜூல் விதியை ஒப்பித்தாள். கடத்தியில் உண்டாகும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கும், மின்தடைக்கும், மின்னோட்டம் பாயும் காலத்துக்கும் நேர்த்தகவில் இருக்கும். இங்கிலாந்தில் சால்ஃபோர்டு என்னும் ஊரில் 1818-இல் பிறந்த ஜேம்ஸ் பிரெஸ்காட் ஜூல் கண்டறிந்தது. நாங்கள் வாயால் ஒப்பித்த அதே விதி, பத்தடி தூரத்தில் பெட்டிக்குள் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது.

முதலில் ‘சர்ர்’ என்று ஓர் ஓசை. பிறகு நடை முழுவதும் அந்தக் கருவாட்டு நாற்றம். நிமிர்ந்து பார்த்தால், பெட்டியின் மூடி இடுக்கிலிருந்து கறுப்புப் புகை நூல்போல மேலே ஏறிக்கொண்டிருந்தது. நாள்காட்டியின் ஓரம் பழுப்பாகிச் சுருண்டது. உள்ளே ஒரு நீலப் பொறி வெட்டி வெட்டி மறைந்தது.

அம்மா அலறினார். 2017-ஆம் ஆண்டு மே 31 அன்று தியாகராய நகரில் பல மாடித் துணிக்கடை ஒன்று எரிந்தபோது, அம்மா தம் தாய்வீட்டு மாடியிலிருந்து அந்தப் புகையைப் பார்த்தவர். அன்றிலிருந்து புகையைக் கண்டாலே அவருக்குக் கை கால் நடுங்கும். பாட்டி படுக்கையிலிருந்தே, “வாளித் தண்ணியை எடுத்து ஊத்துங்கடி!” என்று கூவினார். இளையவள் குளியலறைக்கு ஓடிவிட்டாள். மூத்தவள் அவள் கையைப் பிடித்து இழுத்து, “தண்ணீர் கூடாது! கூடாது!” என்று கத்தினாள். மின்சாரம் பாயும் இடத்தில் தண்ணீரை ஊற்றினால், ஊற்றுபவரின் உயிருக்கே ஆபத்து.

அப்பா பெட்டியைத் திறந்து நெம்புகோலை இழுக்கப் போனார். அப்போது இளையவளுக்கு வயர்மேன் தாத்தா எப்போதோ சொன்னது நினைவுக்கு வந்தது. லோடு ஓடும்போது ஐசோலேட்டரை இழுக்கக் கூடாது, பொறி வெட்டும், முகத்திலேயே அடிக்கும். “அப்பா, அதைத் தொடாதீங்க! கீழே போய் மெயினை நிறுத்துங்க!” என்று அழுதுகொண்டே சொன்னாள். அப்பா ஒரு கணம் நின்றார். பிறகு இரண்டு மாடிப் படிகளையும் தாவி இறங்கினார். அதற்குள் அம்மா தம்மைச் சமாளித்துக்கொண்டு இஸ்திரிப் பெட்டி, கெட்டில், இரண்டு ஏ.சி. எல்லாவற்றின் சுவிட்சையும் அணைத்தார். நாங்கள் இருவரும் பாட்டியைக் கைத்தாங்கலாக வெளியே அழைத்து வந்து படிக்கட்டில் உட்கார வைத்தோம்.

மீட்டர் அறையில் அப்பா மெயின் சுவிட்சை இழுத்ததும் வீடு இருண்டது. பெட்டிக்குள் பொறி வெட்டுவது நின்றது. புகை மட்டும் சிறிது நேரம் வந்து, பிறகு தணிந்தது. எதிர் வீட்டு மாமா டார்ச் விளக்கோடு ஓடி வந்தார். குடியிருப்பில் மாட்டியிருந்த சிவப்பு வாளியில் மணல் இருக்கும் என்று எடுத்துப் பார்த்தால், பாக்குத் தூள் காகிதங்களும் தேங்காய் நாரும் இருந்தன. நல்ல வேளை, மணல் தேவைப்படவில்லை.

இனிமேல்தான் எங்கள் கதையின் உண்மையான பகுதி வருகிறது.

படிக்கட்டில் ஐந்தாறு வீட்டார் கூடிவிட்டார்கள். அப்பாவுக்கு நடுக்கமும் கோபமும். கைப்பேசியை எடுத்து வயர்மேன் தாத்தாவைக் கூப்பிட்டார். “மே மாசம் நீங்க கை வச்ச பெட்டிதானே பெரியவரே? என்ன வேலை செஞ்சீங்க? வயசான அம்மா, ரெண்டு பெண் குழந்தைங்க இருக்கிற வீடு!” என்று உரத்த குரலில் பேசினார். மறுமுனையில் தாத்தா என்ன சொன்னார் என்பது எங்களுக்குக் கேட்கவில்லை. அப்பா பேசி முடித்ததும், “காலையில வர்றாராம். அதுவரைக்கும் மெயினைப் போடக் கூடாதாம்” என்றார். எதிர் வீட்டு மாமா தலையை ஆட்டி, “அவருக்கு வயசாயிடுச்சு சார். எங்க வீட்டு வேலைக்கும் இனிமே வேற ஆளைத்தான் பார்க்கணும்” என்றார். மற்றவர்களும் ஆமாம் போட்டார்கள். பன்னிரண்டு வீடுகளில் ஒருவருக்கு இருந்த நற்பெயர் இரண்டே நிமிடத்தில் கரைந்து போனது. நாங்கள் இருவரும் அங்கேதான் நின்றோம். வாய் திறக்கவில்லை.

அன்றிரவு மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் படிக்க உட்கார்ந்தோம். ஓர் எழுத்தும் ஏறவில்லை. எதிர் வீட்டுக் குளிர்பெட்டியில் பாட்டியின் இன்சுலினை வைத்தோம். அப்பா விடிய விடியப் பாட்டிக்கு விசிறிக்கொண்டிருந்தார். நாங்கள் போர்வைக்குள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு கிடந்தோம். “சொல்லிடலாமா?” என்றாள் இளையவள். “அட்டை எரிந்து சாம்பலாகியிருக்கும், யாருக்கும் தெரியாது” என்றாள் மூத்தவள். இதை எழுதும்போதும் எங்களுக்குக் கூசுகிறது.

காலை ஆறேகால் மணிக்குத் தாத்தா வந்துவிட்டார். அவருடைய மிதிவண்டியில் பழைய துணிப் பை தொங்கியது. முதலில் மீட்டர் அறைக்குச் சென்றார். மெயின் சுவிட்ச் அணைந்திருப்பதைப் பார்த்தபிறகும், எங்கள் வீட்டு ஃப்யூஸ் கட்டையைப் பிடுங்கித் தம் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். “நான் மேலே வேலை செய்யும்போது வேற யாரும் தெரியாம மெயினைப் போட்டுடக் கூடாது பாருங்க” என்றார். மேலே வந்து, டெஸ்டரை வைத்துப் பார்த்தார். பிறகு டெஸ்ட் விளக்கையும் வைத்துப் பார்த்தார். “கரண்ட் இல்லை என்று அப்பாதான் சொன்னாரே தாத்தா” என்றோம். அவர் தம் வலக்கையை விரித்துக் காட்டினார். உள்ளங்கையின் குறுக்கே வெளுத்த தழும்பு ஒன்று ஓடியது. “இருபது வயசுல ஒருத்தர் ‘கரண்ட் இல்லை’ன்னு சொன்னதை நம்பினேன் பாப்பா” என்றார்.

பெட்டியின் மூடியைக் கழற்றினார். ஐசோலேட்டரின் உடல் ஒரு பக்கம் உப்பி, கருகி, வெடித்திருந்தது. கம்பியின் மேலுறை இரண்டு அங்குலத்துக்கு உருகியிருந்தது. திருகாணியைத் திருப்புளியால் தொட்டதும் அது தளதளவென்று ஆடியது. அப்பா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். தாத்தா சிமிட்டாவால் எதையோ பிடித்து வெளியே எடுத்தார். பாதி கருகிய அட்டைத் துண்டு. நான்காக மடித்த மடிப்பு அப்படியே தெரிந்தது.

தாத்தா அதைப் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்தார். ஒன்றும் பேசாமல் அதையும் தம் சட்டைப் பையில், ஃப்யூஸ் கட்டையோடு போட்டுக்கொண்டார்.

“என்ன அது?” என்றார் அப்பா. “குப்பை சார்” என்றார் தாத்தா. “மே மாசம் திருகாணியை நீங்க சரியா முடுக்கலையா?” என்று அப்பா கேட்டார். தாத்தா சற்று நேரம் பேசவில்லை. “என் வேலையில குறை இருந்தா எனக்குக் கூலி வேணாம் சார். சாமானுக்கு மட்டும் கொடுங்க” என்றார்.

மே மாதத்தில் தாம் எச்சரித்ததை அவர் நினைவூட்டவில்லை. எங்களையும் காட்டிக்கொடுக்கவில்லை. எங்கள் இருவருக்காகவும் அப்பாவுக்காகவும் அவர் தம் நற்பெயரையே விட்டுக்கொடுக்கத் துணிந்து நின்றார். எங்களால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. இருவரும் ஒரே நேரத்தில் அழத் தொடங்கினோம். அட்டையைச் செருகியதையும், ஒரு மாதமாக மறைத்ததையும், இரவு வாய் மூடி நின்றதையும் சொல்லி முடித்தோம். கடைசியாக இளையவள், “அப்பா, மே மாசமே மாத்தச் சொன்னாரே தாத்தா. நாங்க கேட்டோமே” என்றாள்.

வீட்டில் யாரும் அசையவில்லை. அப்பா எங்களை அடிக்கப் போகிறார் என்று நினைத்தோம். அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். முகத்தைக் கைகளால் துடைத்துக்கொண்டார். பிறகு எழுந்து தாத்தாவின் முன் சென்று, “பெரியவரே, என்னை மன்னிச்சிடுங்க. நீங்க சொன்னதை நான்தான் தள்ளிப் போட்டேன். ராத்திரி நாலு பேர் எதிர்ல உங்களைப் பேசியிருக்கக் கூடாது” என்றார். எங்கள் அப்பா ஒருவரிடம் மன்னிப்புக் கேட்டு நாங்கள் பார்த்தது அன்றுதான். அவர் அன்று எங்கள் கண்ணுக்குச் சிறியவராகத் தெரியவில்லை. முன்னைவிட உயர்ந்தவராகவே தெரிந்தார்.

தாத்தா சங்கடத்தோடு சிரித்தார். “விடுங்க சார். குழந்தைங்க பாட்டிக்காகச் செஞ்சதுங்க” என்றவர், எங்கள் பக்கம் திரும்பி, “ஆனா ஒண்ணு கேட்டுக்குங்க பாப்பா. விளக்கு சிமிட்டினது பெட்டி உங்ககிட்ட பேசினது. ‘எனக்கு உடம்பு சரியில்லை’ன்னு சொல்லுச்சு. நீங்க அட்டையை வச்சு அதோட வாயை அடைச்சிட்டீங்க. வலி மட்டும் உள்ளேயே இருந்துச்சு” என்றார்.

பிறகு எங்களை உட்கார வைத்து நடந்ததை விளக்கினார். நாங்கள் புத்தகத்தை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தோம். தளர்ந்த இணைப்பில் மின்தடை வெறும் 0.1 ஓம் என்று வைத்துக்கொள்வோம். முன்பு ஒரு ஏ.சி. ஓடும்போது 10 ஆம்பியர் பாய்ந்தால், அந்த இடத்தில் எழும் வெப்பம் 10 வாட். அன்றிரவு இரண்டு ஏ.சி., இஸ்திரிப் பெட்டி, கெட்டில் எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 25 ஆம்பியர். வெப்பம் 62.5 வாட். மின்னோட்டம் இரண்டரை மடங்குதான் கூடியது. வெப்பமோ ஆறேகால் மடங்கு! அதுவும் விரல் நகம் அளவுள்ள இடத்தில். சூட்டினால் உலோகத்தின் மேல் கறை படியும்; பிடிப்பு இன்னும் தளரும்; தடை இன்னும் கூடும்; சூடு இன்னும் ஏறும். இப்படியே சுழன்று சுழன்று ஒரு நாள் புகை கிளம்பும்.

“எம்.சி.பி. ஏன் விழவில்லை தாத்தா?” என்று கேட்டோம். பாய்ந்த மின்சாரம் அளவுக்கு மீறியதல்ல, ஆகவே எம்.சி.பி.க்கு எந்தக் குறையும் தெரியவில்லை. குறை இணைப்பில் இருந்தது. மின்சாதனங்களில் பயன்படும் ஒருவகைப் பிளாஸ்டிக் மிகுதியாகச் சூடேறும்போது மீன் நாற்றம் வீசும் என்றும் அவர் சொன்னார். அம்மா தலையில் கை வைத்துக்கொண்டார்.

ஒன்றரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. கருகிய கம்பியை நல்ல செம்பு தெரியும் வரை வெட்டி, முனையில் லக் வைத்து இறுக்கினார். ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள புதிய ஐசோலேட்டரைப் பொருத்தினார். அதற்கடுத்து ஓர் ஆர்.சி.சி.பி.யையும் வைத்தார். மின்சாரம் மனித உடல் வழியாகக் கசிந்தால், 30 மில்லி ஆம்பியர் அளவிலேயே கண்ணிமைப்பதற்குள் இணைப்பைத் துண்டிக்கும் கருவி அது. “மாசம் ஒரு தடவை இந்த டெஸ்ட் பட்டனை அழுத்துங்க. விழுந்தா நல்லது. விழலைன்னா என்னைக் கூப்பிடுங்க. ஆனா, தளர்ந்த திருகாணியை இது கண்டுபிடிக்காது. அதுக்கு உங்க கண்ணும் மூக்கும்தான்” என்றார். கூலியை அப்பா முழுதாகக் கொடுத்தார். தாத்தா கருகிய அட்டையை எடுத்து எங்கள் கையில் கொடுத்துவிட்டு, ஃப்யூஸ் கட்டையோடு கீழே இறங்கினார்.

நாங்கள் ஓட்டமும் நடையுமாகத் தேர்வுக்குச் சென்றோம். ஜூல் விதி மூத்தவளின் வினாத்தாளில் வரவே இல்லை! அதைப் பற்றி அவளுக்கு இருந்த வருத்தம் கொஞ்ச நஞ்சமல்ல.

அன்று மாலை அப்பா ஒரு காரியம் செய்தார். எங்கள் இருவரையும் அழைத்துக்கொண்டு, முதல் நாள் படிக்கட்டில் கூடியிருந்த ஒவ்வொரு வீட்டுக்கும் சென்றார். “தவறு வயர்மேன்மீது இல்லை. என்மீதும் என் பிள்ளைகள்மீதும்தான்” என்று சொன்னார். வாசல் வாசலாக நின்று அதைக் கேட்பது எங்களுக்கு எளிதாக இருக்கவில்லை. ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை எதிர் வீட்டு மாமா தாத்தாவை அழைத்துத் தம் வீட்டுப் பெட்டியைப் பார்க்கச் சொன்னார். அங்கேயும் ஒரு திருகாணி தளர்ந்துதான் இருந்தது. பிறகு பன்னிரண்டு வீட்டுப் பெட்டிகளையும் சோதிக்கச் சங்கத்தார் முடிவு செய்தார்கள். சிவப்பு வாளியில் இப்போது மணல் இருக்கிறது.

அடையாற்றில் வசிக்கும் எங்கள் அத்தை இக்கதையைக் கேட்டு, 2015 டிசம்பர் வெள்ளத்தை நினைவுகூர்ந்தார். அப்போது ஆற்றங்கரைக் குடியிருப்புகள் பலவற்றில் கீழ்த்தள மின்பெட்டிகள் நீரில் மூழ்கின. நனைந்த பெட்டியை வெயிலில் காய்ந்துவிட்டது என்று நம்பிவிடாமல், வயர்மேனைக் கொண்டு சோதித்த பிறகே மெயினைப் போடவேண்டும் என்பது அத்தை அன்று கற்ற பாடம். கடலோரத்துக்கும் மழைக்காலத்துக்கும் பழகிய நம் சென்னைவாசிகள் அனைவருக்கும் இது பொருந்தும்.

அன்புத் தோழியரே! உங்கள் வீட்டில் மட்டும் விளக்கு சிமிட்டினால், காரணமில்லாமல் மீன் நாற்றம் வீசினால், மின்பெட்டி கைக்குச் சூடாகத் தெரிந்தால் உடனே பெரியவர்களிடம் சொல்லுங்கள். நீங்களாகப் பெட்டியைத் திறக்காதீர்கள். புகை கண்டால் தண்ணீர் ஊற்றாதீர்கள். மீட்டர் பக்கம் மெயினை நிறுத்தச் சொல்லுங்கள். முதியோரையும் குழந்தைகளையும் வெளியே அழைத்து வாருங்கள். தீ கண்ணெதிரே பரவினால் 101-ஐ அழையுங்கள். மீட்டர் வரையிலான கோளாறுக்கு மின்வாரியத்தின் ‘மின்னகம்’ இருக்கிறது. 2021-இல் தொடங்கிய அதன் எண் 94987 94987. மீட்டருக்குப் பிறகு வருவது நம் பொறுப்பு. அதற்கு லைசென்ஸ் உள்ள வயர்மேனைக் கூப்பிட வேண்டும். அவர் சொல்வதைத் தீபாவளி வரை தள்ளிப் போடவும் கூடாது.

பெற்றோர்களே! உங்கள் பிள்ளைகள் எதையாவது மறைத்தால், அது பெரும்பாலும் பயத்தினால்தான். அன்று காலை அப்பா எங்களை அடிக்காமல் உட்கார்ந்தாரே, அதனால்தான் இன்று எங்களால் எதையும் அவரிடம் சொல்ல முடிகிறது.

கருகிய அந்த அட்டைத் துண்டு எங்கள் படிப்பு மேசை இழுப்பறையில் இருக்கிறது. ஏதேனும் ஒரு தவறு செய்துவிட்டு, ‘யாருக்கும் தெரியாது’ என்று மனம் சொல்லும்போதெல்லாம் இழுப்பறையைத் திறந்து அதைப் பார்க்கிறோம். பிறகு எழுந்து போய்ச் சொல்லிவிடுகிறோம்.